சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் வாசிப்பை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

#1 மைக்கூடு

வணக்கம் நண்பர்களே.

சொந்தமாக எழுதி, சொந்தமாகவே வெளியிடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அட்டை, விளம்பரம், ராயல்டி பற்றியெல்லாம் பல முறை பேசியாகிவிட்டது. எனக்கு வாசிப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

பதிப்பகத்தை நம்பியிராமல் புத்தகம் போடத் தொடங்கியதில் எனக்குக் கிடைத்தவை உண்மையிலேயே பெரியவை. கைப்பிரதியை அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்ததா என்றுகூடத் தெரியாமல் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. எந்தக் கதையை எப்போது வெளியிடலாம் என்பது என் முடிவு. இரண்டாம் பதிப்பில் ஓர் அத்தியாயத்தையே எடுத்துவிட்டு வேறு எழுதிச் சேர்த்தேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர், கண் தெரியாத தன் அம்மாவுக்கு என் நாவலை வாசித்துக் காட்டியதாக எழுதிய மின்னஞ்சல் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே இன்னும் பல வருடம் எழுதலாம்.

ஆனால் என் வாசிப்பு அடிபட்டுவிட்டது. ஒரு நாவலைக் கையில் எடுத்தால் கதைக்குள் போக முடிவதில்லை. முதல் பத்தி எத்தனை வரி, முதல் உரையாடல் எங்கே வருகிறது, அத்தியாயத்தை எந்த இடத்தில் முடித்திருக்கிறார், பின்னட்டைக் குறிப்பு எப்படி இருக்கிறது என்றுதான் கண் போகிறது. நல்ல வரி வந்தால் ரசிப்பதற்குள் ‘இதை எப்படிச் செய்தார்’ என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. சுமாரான புத்தகம் நன்றாக விற்கிறது என்றால், ஏன் விற்கிறது என்று தெரிந்துகொள்ளவே அதைப் படித்து முடிக்கிறேன். அப்புறம் கடமை வாசிப்பு வேறு. சக எழுத்தாளர்கள் புத்தகம் அனுப்புகிறார்கள். அவர்கள் என்னுடையதைப் படித்திருக்கிறார்கள், நானும் படித்தாக வேண்டும். எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய புத்தகம் அடுக்கின் அடியில் கிடக்கிறது.

இது எழுத்தில் தெரிகிறது என்பதுதான் கவலை. சமீபத்தில் எழுதிய பக்கங்களைப் பழையவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கதை வேகமாக ஓடுகிறது. மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறை தெரியவில்லை, வெளியே வெயிலா மழையா தெரியவில்லை. வரத்துக் கால்வாய் அடைபட்ட குளம் போல, இருப்பதை இறைத்துக்கொண்டே இருக்கிறேன், உள்ளே எதுவும் வருவதில்லை.

உங்களுக்கு இப்படி ஆகியிருக்கிறதா? என்ன செய்தீர்கள்?

#2 தனிமரம்

அண்ணா, நான் இன்னும் முதல் தொகுப்பையே வெளியிடவில்லை. கதைகள் தயார். நீங்கள் எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. படித்துப் படித்துத்தான் எழுத ஆசை வந்தது. எழுதப் போய் அதுவே போய்விட்டால்?

இன்னொரு சந்தேகம். மின்நூலில் ‘படித்த பக்கங்களுக்குப் பணம்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது எப்படி என்று யாராவது விளக்குங்களேன்.

#3 மூன்றாம்வரி

தனிமரம், பக்கக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக்கூடு கேட்டதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் போன்ற சந்தா முறையில் வாசகர் புத்தகத்தை வாங்குவதில்லை. சந்தா கட்டி, வேண்டியதை எடுத்துப் படிக்கிறார். 2014-ல் தொடங்கியபோது, வாசகர் புத்தகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுத்தாளருக்கு ஒரு பங்கு கிடைத்தது. நீளமான நாவலுக்கும் பதினைந்து பக்கக் கதைக்கும் ஒரே பங்கு. 2015 ஜூலையிலிருந்து, படிக்கப்பட்ட பக்கங்களுக்குத்தான் பணம் என்று மாற்றினார்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கினால் பக்கம் கூடிவிடும் அல்லவா, அதனால் எல்லாப் புத்தகங்களுக்கும் பொதுவான ஒரு பக்க அளவை வைத்து எண்ணுகிறார்கள். ஒரு வாசகரிடமிருந்து ஒரு புத்தகத்துக்கு அதிகபட்சம் 3,000 பக்கம். மாதந்தோறும் ஒரு பொது நிதி ஒதுக்கி, படிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கில் அதைப் பிரிக்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு என்ன கிடைக்கும் என்பது மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். கைக்குப் பணம் வர அதற்கு மேல் சுமார் 60 நாள் ஆகும்.

இதில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்நூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. உங்கள் சொந்த வலைப்பக்கத்திலும் முழுதாகப் போடக் கூடாது. 90 நாள் முடிந்ததும் நீங்களாக நிறுத்தாவிட்டால் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இதில் நல்லதும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பெயர் தெரியாத எழுத்தாளரின் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கத் தயங்குகிறவர், சந்தாவில் எடுத்துப் பார்த்துவிடுவார். எனக்கு வந்த வாசகர்களில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் எழுதும்போது அந்தக் கணக்கு மேஜையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு வரியில் முடிய வேண்டிய காட்சியை ஒரு பக்கமாக்கலாமே என்று தோன்றும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு திடுக்கிடலில் முடிக்கத் தோன்றும். எத்தனை பக்கம் படித்தார்கள் என்பது தெரியும், எந்த வரியில் நின்று யோசித்தார்கள் என்பது எந்த விற்பனைப் பலகையிலும் (டாஷ்போர்டு) வராது. வராத அதற்காகத்தானே நாம் எழுத வந்தோம்?

மைக்கூடு, உங்கள் கதை வேகமாக ஓடுவதற்கு வாசிப்பு குறைந்தது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எண்களைப் பார்த்துப் பார்த்துக் கை அப்படிப் பழகியிருக்கும்.

#4 நடுப்பக்கம்

நான் எழுதுகிறவள் இல்லை, வாசகி மட்டும்தான். ஆனால் தனியாக வெளியிடுகிறவர்களின் புத்தகங்களைத் தேடிப் படிக்கிறவள். அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன்.

ஏன் தேடிப் படிக்கிறேன் என்றால், ‘இதற்குச் சந்தை இல்லை’ என்று எந்தப் பதிப்பகமும் ஒதுக்கிவிடக்கூடிய விஷயங்கள் அங்கேதான் கிடைக்கின்றன. ஒரு கணக்கர் தன் அலுவலகத்தின் ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதிய குறுநாவலைப் படித்தேன். பெரிய சம்பவம் எதுவும் கிடையாது. மாலைக்குள் ஒரு பேரேட்டில் கணக்கு நேராக வேண்டும், அவ்வளவுதான். என் கை நடுங்கும் அளவுக்குப் பதற்றத்தோடு படித்தேன். அந்தத் தொழிலில் இருந்தவர் தவிர வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

அதே சமயம் பாதியில் மூடிவைத்த புத்தகங்களும் உண்டு. காரணம் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் மூன்று அத்தியாயம் இழைத்து இழைத்துச் செய்திருப்பார்கள். அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது தெரியும். இரண்டாம் அத்தியாயத்தில் ‘தங்கை’ என்று வந்தவள் ஒன்பதாம் அத்தியாயத்தில் ‘அக்கா’ ஆகிவிடுவாள். ஒருமுறை சொன்ன பின்கதையையே புதிதாகச் சொல்வதுபோல மறுபடி சொல்வார்கள். எழுதியவர் மேல் கோபம் வராது, வருத்தம்தான் வரும். இவ்வளவு நல்ல கதையை முழுதாக ஒருவர் படித்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கும்.

#5 ஒற்றெழுத்து

நடுப்பக்கம் சொன்ன அந்த ‘ஒருவர்’ வேலையைத்தான் நான் செய்கிறேன். மெய்ப்புப் பார்க்கிறேன், கேட்டால் செம்மையாக்கமும் செய்கிறேன்.

தனியாக வெளியிடுகிறவர்களோடு வேலை செய்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. நேரடியாக எழுத்தாளரோடு பேசலாம். ஒரு வரிக்காக அரை மணி நேரம் பேசியிருக்கிறோம். ஆனால் பெரும்பாலானவர்கள் என்னிடம் வரும்போது கேட்பது ஒன்றுதான்: “ஒற்றுப் பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள்.” வலி மிகும் இடம், மிகா இடம் பார்ப்பது வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் இருக்கிற படிகளை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். எழுதியவரின் அனுமதியோடு, பெயர்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்:

“அப்பா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். அந்தக் கடிதம் அவருக்குத் தாங்க முடியாத வேதனையைத் தந்திருந்தது. அவர் மனம் கனத்தது. சிறிது நேரம் கழித்து அதை மறுபடியும் எடுத்துப் பிரித்தார்.”

இதில் ஒற்றுப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் நடு வரிகள் இரண்டையும் அடித்தேன். மிஞ்சியது: “அப்பா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். சிறிது நேரம் கழித்து அதை மறுபடியும் எடுத்துப் பிரித்தார்.” வேதனை எங்கும் போகவில்லை, மறுபடி பிரிக்கிற கையில் இருக்கிறது. எழுத்தாளர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. வாசகருக்குப் புரியாமல் போய்விடுமே என்றார். ஒரு வாரம் கழித்து அவரே அடுத்த பக்கத்தில் அதே மாதிரி மூன்று இடங்களை வெட்டி அனுப்பினார்.

பதிப்பகத்தில் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல ஒருவர் இருந்தார். சில சமயம் தவறான காரணத்துக்காகச் சொல்லியிருப்பார், அது வேறு. தனியாக வந்தவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருமே இல்லை. மின்நூல் தளம் கோப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும், கதை சரியாக இருக்கிறதா என்று பார்க்காது. பதிவேற்றிய சில நாளுக்குள்ளேயே புத்தகம் விற்பனைக்கு வந்துவிடும். சுதந்திரத்தில் எனக்குத் தெரிந்து மிகக் கடினமான பகுதி இதுதான். அந்த ‘வேண்டாம்’ சொல்கிறவரை நாமே தேடிப் போய், மரியாதை கொடுத்து, உட்கார வைக்க வேண்டும்.

#6 தனிமரம்

#5-ஐப் படித்ததும் என் கதைகளைத் திறந்தேன். “அவனுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது” என்று தேடிப் பார்த்தேன். வெளியீட்டைத் தள்ளி வைக்கிறேன்.

#7 பின்னட்டை

தள்ளி வைக்கிற நேரத்தில் இதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் பக்க வடிவமைப்பும் அட்டையும் செய்பவன்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கதை ஏதாவது இருந்தால், யூனிகோடுக்கு மாற்றிய பிறகு வரிவரியாகப் படியுங்கள். கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்துகள்தான் முதலில் உடையும். ‘கொடு’ என்பது ‘ெகாடு’ என்று ஆகிவிடும். சில திரைகளில் சரியாகத் தெரிவதுபோல இருந்து ஏமாற்றும். தேடிப் பார்த்தால் அகப்படாது, வாசகரின் கருவியில் புள்ளி வட்டத்தோடு பல்லிளிக்கும்.

மின்நூலில் இடைவெளி வேண்டும் என்பதற்காக என்டர் தட்டிக்கொண்டே போகாதீர்கள். வாசகர் எழுத்தைப் பெரிதாக்கும்போது அந்த வெற்று வரிகள் எங்கெங்கோ போய் நிற்கும். அத்தியாயத் தலைப்புக்குத் தலைப்புப் பாணியையே பயன்படுத்துங்கள், பொருளடக்கம் தானாக அமையும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்வதாக இருந்தால் தமிழுக்கு அதிலுள்ள வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர்மெய்க் குறிகள் இடம் மாறி நிற்கும்.

அட்டையைக் கடைசியில் செய்யுங்கள். எல்லோரும் ஆசையில் முதலில் அட்டை கேட்கிறார்கள். அச்சுப் புத்தகத்தின் முதுகு அகலம் மொத்தப் பக்கத்தையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. ஒற்றெழுத்து இருபது பக்கம் வெட்டினால் முதுகு மெலியும், தலைப்பு நடுவிலிருந்து நகர்ந்துவிடும்.

ஐஎஸ்பிஎன் பற்றியும் ஒரு வார்த்தை, அடிக்கடி குழம்புகிறார்கள். அது பதிப்புரிமை கிடையாது, புத்தகத்தை அடையாளம் காண உதவும் எண், அவ்வளவே. 2007-லிருந்து 13 இலக்கம். சாதா அட்டை, கெட்டி அட்டை ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும். தளம் இலவசமாகத் தரும் எண்ணை எடுத்துக்கொண்டால் அதை வேறு இடத்தில் அச்சிடும் பதிப்புக்குப் பயன்படுத்த முடியாது.

#8 பழையபிரதி

மைக்கூடு, உங்கள் பதிவைப் படித்துவிட்டு முன்னோர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். தானே வெளியிடுவது புதுசு இல்லை.

உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். ‘புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்’ என்று ஆட்களிடம் உறுதி வாங்குவது. கல்லூரி வேலையையும் பார்த்துக்கொண்டு, ஊர்விட்டு ஊர் போய் அச்சுப் பிழை திருத்தினார். பாரதி 1920-ல் தன் எழுத்துகளை 40 பகுதிகளாக, பகுதிக்கு 10,000 பிரதி வீதம் தானே அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல வீடுதோறும் விலைபோகும் என்று நம்பினார். அடுத்த வருடம் செப்டம்பரில் அவர் இறந்துவிட்டார், திட்டம் கடிதத்தோடு நின்றது. அந்தக் கடிதத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

வெளியே பார்த்தால், வால்ட் விட்மன் தன் முதல் கவிதைத் தொகுப்பை 1855-ல் சொந்தச் செலவில் போட்டார். சில பக்கங்களுக்கு அவரே அச்சு எழுத்துக் கோத்தார். தன் புத்தகத்துக்குப் பெயர் போடாமல் தானே மதிப்புரையும் எழுதினார். வர்ஜீனியா வுல்ஃபும் கணவர் லெனர்டும் 1917-ல் வீட்டிலேயே சின்னக் கை அச்சு இயந்திரம் வைத்து ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். வுல்ஃப் தன் விரலால் ஈய எழுத்துகளை எடுத்துக் கோத்தவர். எழுதினார், அச்சிட்டார், விடாமல் படிக்கவும் செய்தார். எனக்கு இதில் பிடித்தது இதுதான்: அவர்கள் தங்கள் புத்தகங்களோடு மற்றவர்களுடையதையும் போட்டார்கள். அடுத்தவர் எழுத்தை ஒவ்வோர் எழுத்தாக எடுத்துக் கோப்பதைவிட ஆழமான வாசிப்பு எது?

#9 மூன்றாம்வரி

பழையபிரதி சார், மனதாரப் படித்தேன். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். உ.வே.சா.வுக்குக் கையொப்பமிட்டவர்கள் யார் யார் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு வாசகர் முகம் கிடையாது. ஒரு வரைபடம் இருக்கிறது, அதில் ஒரு கோடு ஏறி இறங்குகிறது. நேற்று ஒருவர் புத்தகம் முழுவதையும் படித்து முடித்தார் என்று தெரிகிறது. அவருக்குப் பிடித்ததா என்று தெரியாது. பதிப்பகம் ‘வேண்டாம்’ என்று கடிதம் எழுதினால் வலிக்கும், ஆனாலும் அது ஒரு பதில். இந்த மௌனம் அப்படிப்பட்டதல்ல. மாதக்கணக்கில் எழுதியதை வெளியே வைத்துவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும் வாரங்களைப் பற்றி யாரும் எச்சரிக்கை செய்வதில்லை.

தனிமரம் போன்றவர்கள் இதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். இலவச நாட்கள் என்று ஒன்று உண்டு. 90 நாள் தவணைக்கு ஐந்து நாள் வரை இலவசமாகக் கொடுக்கலாம். அந்த நாட்களில் பதிவிறக்கம் குவியும், மனம் துள்ளும். அப்புறம் பார்த்தால் பக்கக் கோடு அசையாது. எடுத்தவர்கள் பெரும்பாலும் சேர்த்து வைத்துக்கொள்கிறவர்கள்.

#10 நடுப்பக்கம்

மூன்றாம்வரி, அந்த மௌனத்தில் என் பங்கும் இருப்பதால் சொல்கிறேன்.

நாங்கள் ஏன் எழுதுவதில்லை தெரியுமா? கருத்துப் பெட்டியைத் திறந்ததும் முதலில் நட்சத்திரம் கேட்கிறது. ஒருவர் பல வருடம் உட்கார்ந்து எழுதியதற்கு மூன்று நட்சத்திரம் போட எனக்கு மனம் வராது. நான்கு போட்டால் பொய். அதனால் மூடிவிடுகிறேன். பெரிய பதிப்பகத்துப் புத்தகத்துக்கு இந்தத் தயக்கம் வராது. உங்கள் புத்தகத்துக்கு வருகிறது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவரே படிக்கப் போகிறார் என்று எங்களுக்குத் தெரியும்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியும், “எந்த இடத்தில் அலுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்” என்றும் இருந்தால் நான் நிச்சயம் எழுதுவேன். ‘பிடித்திருந்தால் மதிப்புரை எழுதுங்கள்’ என்று கேட்கிறபோது எனக்கு எதுவும் வருவதில்லை. அலுத்த இடத்தைக் கேட்டால் என்னால் பக்கம் சொல்ல முடியும்.

#11 தனிமரம்

அக்கா, அப்படியானால் நண்பர்களையும் வீட்டில் இருப்பவர்களையும் மதிப்புரை எழுதச் சொல்லலாமா? சிலர் செய்கிறார்கள். விட்மனே தனக்குத்தானே எழுதிக்கொண்டார் என்கிறார்களே.

#12 ஒற்றெழுத்து

வேண்டாம் தம்பி. அமேசானில் குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுதுவது விதிப்படி கூடாது, காசு கொடுத்து எழுத வைப்பதும் கூடாது. கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள்.

விதி ஒருபுறம் இருக்கட்டும். வீட்டார் எழுதிய ஐந்து நட்சத்திரத்தை நம்பி ஒரு வாசகர் உள்ளே வருகிறார். ஏமாந்தால் உங்கள் அடுத்த புத்தகத்தைத் தொட மாட்டார். அதைவிட, அதே நண்பரிடம் கைப்பிரதியை வெளியீட்டுக்கு முன்பே கொடுத்து, கறாராகக் கேளுங்கள். அப்போது அவர் அன்பு உங்களுக்குப் பயன்படும்.

#13 பின்னட்டை

யாரும் எடுக்காத ஒன்றை நான் எடுக்கிறேன். இயந்திரத்தால் எழுதி ஒரே நாளில் புத்தகம் குவிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். அமேசானின் சொந்த வெளியீட்டுத் தளமான கேடிபி-யில் 2023 செப்டம்பரில் ஒரு நாளைக்கு மூன்று புதிய தலைப்புகள்தான் என்று வரம்பு வைத்தார்கள், இயந்திரம் எழுதியதா என்று பதிவேற்றும்போது தெரிவிக்கவும் சொன்னார்கள். வரம்பே மூன்று என்றால் யோசித்துப் பாருங்கள்.

அவர்களோடு வேகத்தில் போட்டி போட முடியாது. மாதம் ஒரு புத்தகம் என்று உங்களை நீங்களே விரட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை. நடுப்பக்கம் சொன்ன அந்தக் கணக்கர் கதை மாதிரி, ஒருவர் வாழ்ந்து அறிந்ததைத்தான் வாசகர் தேடுவார்.

#14 மைக்கூடு

எல்லோருக்கும் நன்றி. சில இடங்களில் ஒத்துப்போகிறேன், ஓரிடத்தில் முரண்படுகிறேன்.

ஒற்றெழுத்து சொன்ன ‘வேண்டாம்’ ஆள் கட்டாயம் வேண்டும். ஆனால் நல்ல வாசிப்பு இருக்கும்போது அந்த ஆளில் பாதி நமக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார் என்பது என் எண்ணம். ஒரு பெரிய எழுத்தாளரின் பத்தியில் மூழ்கிவிட்டு வந்து என் பக்கத்தைத் திறந்தால், யாரும் சொல்லாமலேயே எந்த வரி பொய் என்று தெரியும். வெளியே செம்மையாக்குநர் இருக்கிறார் என்று வாசிப்பை விட்டுவிட்டால் அவராலும் என்னைக் காப்பாற்ற முடியாது. அவரால் அதிகப்படியானதை வெட்ட முடியும். இல்லாத அறையையும் வெயிலையும் அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

பழையபிரதி ஐயா சொன்னதில் எழுத்துக் கோப்பது என்னைப் பிடித்துக்கொண்டது. நான் ஒன்று செய்து பார்த்தேன். மிகவும் பிடித்த, இருபது வயதில் படித்த ஒரு நாவலிலிருந்து ஒரு பக்கத்தைக் கையால் நோட்டில் பார்த்து எழுதினேன். தட்டச்சு செய்யவில்லை, பேனாவில். கண் எப்போதும் தாண்டிப் போய்விடும் சொற்கள் கையில் வந்து நிற்கின்றன. ஒரு பெண் கதவைத் திறக்கும் காட்சி. படிக்கும்போது ‘கதவைத் திறந்தாள்’ என்று மட்டும் மனதில் பதிந்திருந்தது. எழுதும்போதுதான் பார்க்கிறேன், அவள் முதலில் ஈரக் கையைப் புடவையில் துடைக்கிறாள், தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு ஒரு கணம் நிற்கிறாள், உள்ளே திரும்பிப் பார்க்கிறாள், அதற்குப் பிறகுதான் திறக்கிறாள். வந்திருப்பவர் யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதை எழுத்தாளர் எங்கேயும் சொல்லவில்லை. இத்தனை வருடமும் அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாமலேயே தெரிந்திருந்தது. அன்று வேறு எதையும் அளக்கத் தோன்றவில்லை. அடுத்த பக்கத்தைச் சும்மா படித்தேன். நெடுநாளைக்குப் பிறகு சும்மா படித்தேன்.

அப்புறம், விற்பனைப் பலகையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். கடமைப் புத்தகங்களை அனுப்பியவர்களுக்கும் நேராகவே எழுதிவிட்டேன், வருடத்துக்குச் சிலதான் படிக்க முடியும், படித்ததைப் பற்றி உண்மையாக எழுதுவேன் என்று. ஒருவர் வருத்தப்பட்டார். மற்றவர்கள் அவர்களுக்கும் அதுவே நிம்மதி என்றார்கள்.

#15 மூன்றாம்வரி

ஞாயிறு மட்டும் என்பது எனக்கு ஒத்துவரவில்லை, சனிக்கிழமை இரவே மனம் அலைபாய்கிறது. புதிய புத்தகம் எழுதுகிற மாதங்களில் கடவுச்சொல்லை என் மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். கணக்கு, பணம் ஏதாவது அவசரம் என்றால் அவர் சொல்வார்.

பார்த்து எழுதுவதை நானும் தொடங்குகிறேன். நீங்கள் எழுதிய அந்தக் கதவுக் காட்சியை இரண்டு முறை படித்தேன்.

#16 பழையபிரதி

அப்படியே பக்கங்களைப் பகிர்ந்துகொள்வோமா? வாரம் ஒருவர், கையால் எழுதிப் பார்த்த ஒரு பத்தியில் என்ன கண்டார் என்று இங்கே சொல்லட்டும். நான் தொடங்கத் தயார்.

#17 தனிமரம்

நானும் வருகிறேன் ஐயா.

என் தொகுப்பில் மூன்று கதைகளை வெளியே எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பதை யாராவது முழுதாகப் படித்துச் சொல்ல முடியுமா? நடுப்பக்கம் அக்கா, உங்களைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். எங்கே அலுத்தது என்று மட்டும் சொன்னால் போதும்.

#18 நடுப்பக்கம்

அனுப்புங்கள் தம்பி, தனிச்செய்தியில் முகவரி தருகிறேன். அச்செடுத்துத்தான் படிப்பேன். அலுத்த இடத்தில் ஓரத்தில் கோடு போடுவேன், கண் கலங்கின இடத்திலும் கோடு போடுவேன். எது எது என்று நான் சொல்வதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை ஊகித்துப் பாருங்கள். இந்த மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்புகிறேன்.